குளத்தின் மேல் ஒரு பேச்சுப் போட்டி

நான் முட்டாள் என்பதில் என் வீட்டில் கருத்து வேறுபாடு கிடையாது. எவ்வளவு பெரிய முட்டாள் என்பதில்தான் மனைவிக்கும் மகளுக்கும் அவ்வப்போது வாக்குவாதம் வரும். கொல்கத்தா கிடர்பூரில் கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன் நான். ஆனால் எங்காவது ஒரு மைக்கைப் பார்த்துவிட்டால் புத்தி கழன்றுவிடும். மகளின் பள்ளியில் ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில், மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தட்டியதோடு நிற்காமல் இரண்டு ஜோக்கும் சொன்னேன். ஜோக்குக்குச் சிரித்தார்களா, தமிழ் வாடையடிக்கும் என் வங்காளத்துக்குச் சிரித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அந்தப் பள்ளியின் விழாக்களுக்கு நான்தான் தொகுப்பாளர். சம்பளம் சிங்காடா என்கிற வங்காளச் சமோசா ஒன்று, சந்தேஷ் இனிப்பு ஒன்று.

போன குளிர்காலத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள், தாங்கள் மிகவும் மதிக்கும் பொது மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். அவரவர் தாய்மொழியிலும் பேசலாம். பள்ளி மண்டபத்தின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்ததால், எங்கள் பேட்டை கிளப் தன் மைதானத்தைக் கொடுத்தது.

கொல்கத்தாவில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கிளப் உண்டு. கேரம், துர்கா பூஜைப் பந்தல், ரத்ததானம், புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து, எல்லாம் அங்கேதான். டாலிகஞ்சில் எங்கள் கிளப்பின் தலைவரை எல்லோரும் தாதா என்பார்கள். வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். ஊரிலிருந்து வரும் என் மச்சான் காதில் அது வேறு மாதிரி விழும். நான் திருத்துவதில்லை.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு நாக்கு எழாது. என் மனைவி பித்தப்பைக் கல்லால் தரையில் புரண்ட அன்று, கூப்பிட்டவுடன் வந்தது கிளப்பின் ஆம்புலன்ஸ்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கிளப் பையன்கள் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தாதாவே நின்றிருந்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் என் கை தானாகக் குவியும். பாதி நன்றி. மீதி பாதி என்ன என்று நான் தோண்டிப் பார்த்ததில்லை.

மைதானம் என்றேன் அல்லவா, அது கொஞ்ச காலம் முன்புவரை குளம். ஆகாயத்தாமரை மூடிய பழைய குளம். லாரிகள் வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போயின. தண்ணீர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருங்கியது. நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து பார்த்தோம். பார்த்துவிட்டுத் துணி உலர்த்தினோம்.

அதைப் பற்றி வாய் திறந்தது ஒரே ஒரு பெண்மணி. உள்ளூர் கேபிள் சேனலில் வார்டு செய்திகள் வாசிப்பவர். பருத்திச் சேலை, பெரிய கண்ணாடி, சிரிப்பே கிடையாது. என் மகள் குழந்தையாக இருந்தபோது அவர் செய்தி வாசிக்கும் நேரம்தான் அவளுக்குச் சாப்பாட்டு நேரம். "அந்த மாமி வந்தாச்சு, வாயத் தொற" என்று ஊட்டுவோம். அந்தப் பெண்மணி ஒரு சாயங்காலம், குப்பை அள்ளாத தெரு, வராத குடிநீர் ஆகியவற்றுக்கு நடுவே, குளத்தை மூடுவது சட்டப்படி குற்றம் என்றும், மூடுவது யார் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும் என்றும் அதே சிரிக்காத முகத்தோடு வாசித்தார். மறுநாள் அந்த நாற்காலியில் ஒரு இளைஞன் உட்கார்ந்து மாம்பழத் திருவிழாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினான்.

அந்தப் பெண்மணியின் ஃபிளாட் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. பூட்டியிருந்தது. சிலிகுரியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். உடம்பு சரியில்லை என்றார்கள். பால்கனிக் கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுவதும் அது நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. ஆட்டோவுக்கு நிற்கும் நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். எனக்கு அதில் நல்ல தேர்ச்சி.

"நான் அவங்களப் பத்தித்தான் பேசப் போறேன்" என்றாள் மகள், ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது.

"யாரப் பத்தி?" என்றேன், தெரியாத மாதிரி.

"நியூஸ் மாமி. பேசிட்டு, எங்க போனாங்கன்னு கேக்கப் போறேன்."

மனைவி ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். "வேற யாரும் கிடைக்கலையாடி? விஞ்ஞானி, விளையாட்டுக்காரங்க, எத்தன பேர் இருக்காங்க?"

"பிடிச்சவங்களப் பத்திப் பேசுன்னாங்க. இவங்களத்தான் பிடிச்சிருக்கு."

"என்னையப் பத்திப் பேசேன்" என்றேன் நான். "சிலிகுரிக்கெல்லாம் போக மாட்டேன், இங்கேயேதான் இருப்பேன்."

எங்கள் வீட்டில் என் ஜோக்குக்குச் சிரிப்பு வராதது புதிதல்ல. அன்று மனைவி எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள்.

இரண்டு நாள் கழித்து, டீக்கடையில் கிளப் செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை விட இளையவர். எப்போதும் வெள்ளை ஷூ.

"காக்கு, பொண்ணும் பேசுறாளாமே?" என்று வங்காளத்தில் கேட்டார். காக்கு என்றால் சித்தப்பா.

"பேசுறா. பிறந்ததுலேருந்து நிறுத்தல."

"யாரப் பத்தி?"

"என்னப் பத்தித்தான். வேற யார் இருக்கா இந்த ஊர்ல?"

அவர் சிரிக்கவில்லை. மண்குவளையைக் காலியாக்கி, கீழே போட்டு, வெள்ளை ஷூவால் மெதுவாக மிதித்து நொறுக்கினார். "முன்னாடியே தெரிஞ்சா தாதாவுக்கு நல்லா இருக்கும். முதல் வரிசைல உக்காருறவர் பாருங்க" என்றார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மெட்ரோவில் வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. உதித்ததும், நின்றுகொண்டிருந்த இடத்திலேயே தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார். தாய்மொழியில் பேசலாம் என்று பள்ளியே சொல்லிவிட்டது. என் மகள் தமிழில் பேசட்டும். டாலிகஞ்சில் யாருக்கு விளங்கப் போகிறது? எங்களுக்கே அவளுடைய தமிழ் பாதிதான் விளங்கும். அவளுக்கும் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்ட திருப்தி. மைக் என் கையில். பேச்சு முடிந்ததும் வங்காளத்தில் நான் ஏதாவது சுருக்கம் சொல்லி மூடிவிடலாம். இங்கே மூன்று தலைமுறையாக இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. நெரிசலான பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை வைத்துக்கொண்டே அவர் வழுக்கையைப் பற்றித் தமிழில் பேசுவோம். தமிழ் எங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் அறை மாதிரி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"சரிப்பா" என்றாள் மகள்.

தயிர் புளித்ததா இல்லையா என்பதற்கே அரை மணி நேரம் வாதாடுகிறவள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குப் பதில் மனைவியைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அவளுக்குத் தமிழ் எழுத வராது. வங்காள எழுத்தில் தமிழை எழுதிவைத்துக்கொண்டு, குளியலறையில் சொல்லிப் பார்த்தாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே "எங்க இருக்காங்க, எங்க இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

போட்டி நாளன்று மதியமே வானம் சாம்பலாகிவிட்டது. மைதானத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இடிபாட்டின் மேல் மண் போட்டு நிரவியிருந்தாலும் அடியில் ஈரம் இருந்தது. உட்கார்ந்தவர்களின் நாற்காலிக் கால்கள் மெல்ல மெல்ல இறங்கின. கனமான பெற்றோர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாற்காலியைப் பிடுங்கி வேறு இடத்தில் போட்டுக்கொண்டார்கள். முதல் வரிசையில் தாதாவுக்கு மட்டும் கீழே பலகை போட்டிருந்தது. சால்வை போர்த்தி, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு இருந்தார்.

ஒரு பையன் கிரிக்கெட் வீரர் ஒருவரைப் பற்றிப் பேசினான். ஆட்டத்தை விடத் தாடியைப் பற்றி அதிகம். ஒரு பெண், பனியில் விரல்களை இழந்த மலையேறும் வீராங்கனை இப்போதும் தன் ஷூ நாடாவைத் தானே கட்டுகிறார் என்றாள். இன்னொருவனின் ஆதர்ச மனிதர், வீடியோவில் இலிஷ் மீன் சமைத்துக் காட்டும் ஓய்வுபெற்ற நீதிபதி. "தீர்ப்பு வந்தா பசிக்கும்" என்று நான் மைக்கில் சொன்னேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் குளிர்காய்ந்தேன்.

நாலாவதாக வந்தவன் தாதாவைப் பற்றிப் பேசினான். ஐந்தாவதாக வந்தவளும் தாதாவைப் பற்றித்தான். "நம் பேட்டையின் கூரை அவர், மழை நம்மேல் விழுவதற்கு முன் அவர்மேல் விழுகிறது" என்று இருவரும் அதே வார்த்தைகளைச் சொன்னார்கள். ஆறாவதாக வந்த பையனும் அதே வரியைத் தொடங்கியபோது, இரண்டாம் வரிசையில் அவனுடைய அப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. பையன் நடுவில் ஒரு சொல்லை மறந்து நின்றான். அந்த அப்பாவின் முகம் வெளுத்துப் போனதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பையனுக்குச் சொல் ஞாபகம் வந்தது. கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. யார் முதலில் நிறுத்துவது என்று எல்லோரும் பக்கத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது என் மகள். அவள் தமிழில் பேசப் போகிறாள் என்று அறிவித்தபோது என் குரல் கொஞ்சம் கீச்சென்றது.

"எனக்குப் பிடிச்சவங்க டிவில நியூஸ் படிப்பாங்க" என்று ஆரம்பித்தாள். "அழகா இருக்க மாட்டாங்க. சிரிக்க மாட்டாங்க. தண்ணி வரலைன்னா வரலைன்னு சொல்லுவாங்க. நாம இப்ப உக்காந்திருக்கிற இடம் கொளமா இருந்துச்சு. அத மூடுறது தப்புன்னு ஒரு நாள் சொன்னாங்க. அடுத்த நாள் வரல. அவங்க பொடவ இன்னும் கொடியிலயே கிடக்கு. யாரும் கேக்கல. எங்கப்பாகூட கேக்கல. நான் கேக்கறேன். அவங்க எங்க இருக்காங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

காகிதத்தை அவள் பார்க்கவே இல்லை. பேச்சு முழுக்க முதல் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலையை உரித்துக்கொண்டிருந்த தாதாவின் விரல்கள் எந்த இடத்தில் நின்றன என்று நான் கவனித்தேன். குளம் என்ற இடத்தில். தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்து வங்காளத்தில் சொன்னேன்: "எங்கள் தென்னாட்டில் ஒரு செய்தி வாசிப்பாளர் அம்மாவைப் பற்றிப் பேசினாள். உச்சரிப்பு மிகச் சுத்தமானவர். நன்றி." மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டினார்கள். தாதா தட்டவில்லை. உரித்த கடலையை வாயில் போடாமல் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டார்.

முதல் பரிசு ஆறாவதாகப் பேசிய பையனுக்கு. பரிசுகளைக் கொடுத்து முடித்ததும் தாதா என் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் தலையில் கை வைத்தார்.

"நல்லா பேசினம்மா" என்றார், தமிழில்.

எனக்குக் காலடி மண் இன்னும் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.

"வேலூர்ல எங்கம்மாவுக்கு வைத்தியம்" என்றார் என்னைப் பார்க்காமல், அவளிடமே. கொஞ்சம் உடைந்த தமிழ், ஆனால் தடங்கல் இல்லை. "ரொம்ப நாள் லாட்ஜ்ல இருந்தோம். அங்க கத்துக்கிட்டேன். டியூஷன் எங்கம்மா போற? மெட்ரோ பக்கமா? இருட்டினப்புறம் தனியாவா வர்ற?"

அவள் தன் கேள்வியின் பதிலுக்குக் காத்திருப்பவள் போல அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தமிழே இப்படித்தான் தாதா, ஒண்ணு சொன்னா இன்னொண்ணு மாதிரி கேக்கும்" என்று நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவது போலக் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பி வங்காளத்துக்கு மாறினார். வயதில் எனக்கு மூத்தவர், ஆனாலும் மரியாதையாக என்னையே தாதா என்றார். "உங்க மொழிபெயர்ப்பு ரொம்பச் சுருக்கம், தாதா."

சால்வையைச் சரிசெய்துகொண்டு போனார். வெள்ளை ஷூ செயலாளர் பின்னாலேயே போனார். போகும்போது ஒருமுறை என் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்தோம். மனைவி மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், சின்னக் குழந்தையைத் தெரு தாண்ட வைப்பது போல. நாளையிலிருந்து டியூஷனுக்கு நான் கூட வருவேன் என்றேன். அலுவலகத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து, எங்களைத் தாண்டாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்து, சந்தில் திரும்பியது. யாரோ வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம்.

கட்டட வாசலில் நின்றேன். "அவருக்குத் தமிழ் தெரியும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புரியாதவர்கிட்ட எதுக்குப்பா கேக்கப் போறேன்?" என்றாள்.