காவலுக்கு ஒரு துப்பாக்கி: டாக்டர் எஸ்தர் அக்காவின் நினைவில்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வேலையைத் தொடங்கியிருந்தேன். தலைமைச் செவிலியர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. டாக்டர் எஸ்தரைப் பண்ணையில் இறந்த நிலையில் கண்டார்களாம் என்று மட்டும் சொன்னார்.

என் கணவருக்கு ஃபோன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "துப்பாக்கியாலயா?" டாலஸிலும் ஹூஸ்டனிலும் செய்தி எட்டிய ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அதையே கேட்டிருக்கிறார்கள். இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் துக்கம் ஆறுவதற்கு முன்பே எழுத உட்கார்ந்தேன்.

எஸ்தர் அக்கா பாளையங்கோட்டைக்காரர். எங்கள் மருத்துவமனையின் மயக்க மருந்து மருத்துவர். எண்பத்து மூன்றில் நான் டெக்சஸின் இந்தச் சிற்றூருக்கு வேலைக்கு வந்தபோது இங்கே தமிழ் பேச அவரும் அவருடைய கணவர் சாமுவேல் சாரும்தான் இருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் பயந்து நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழ் வாடை மாறாத ஆங்கிலத்தில், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்பார். மாட்டுப் பண்ணைக்காரர்கள்கூடக் குழந்தைகள்போல் தலையாட்டுவார்கள்.

சாமுவேல் சாருக்கு நிலத்தின்மேல் ஆசை. ஊருக்கு வெளியே ஓடையோரமாக வாங்கி, பெக்கான் என்ற கொட்டை மரக் கன்றுகளை வரிசையாக நட்டார். மறு வருடமே பக்கவாதம் வந்து போய்விட்டார். அவர் கேட்டுக்கொண்டபடி அந்த நிலத்திலேயே, இருந்ததில் பெரிய மரத்தின் கீழ் அடக்கம் செய்தோம்.

அதன் பிறகுதான் காட்டுப் பன்றிகள் வந்தன.

ஓடைக்கரையில் நம் சீமைக்கருவேலின் இனமான மெஸ்கீட் புதர் மண்டிக் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து கூட்டமாக வரும். காலையில் பார்த்தால் உழுத வயல்போல் மண் புரண்டிருக்கும். முதலில் பெக்கான் கன்றுகள் போயின. பிறகு அக்காவின் கிழட்டு நாய் வயிறு கிழிந்து கிடந்தது. ஒரு ஞாயிறு தேவாலயம் முடிந்து அவரோடு போனபோது, கல்லறையிலிருந்து பத்தடி தள்ளி மண் புரண்டிருப்பதைக் கண்டோம். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "கிட்ட வருதுட்டி" என்றார்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. யாரோ சுட்டு, சரியாகப் படாத ஒரு மான் அக்காவின் கொல்லைப் பக்கம் வந்து விழுந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஹார்லன் சந்தையிலிருந்து திரும்பி வந்து சுடும்வரை அது சாகவில்லை. அக்கா அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் என்னிடம், "கடைசி வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. என் கையில ஒண்ணுமே இல்ல" என்றார்.

துப்பாக்கி வாங்க என்னைத்தான் துணைக்கு அழைத்துப் போனார். சேலை கட்டிய இரண்டு பெண்கள் நுழைந்ததும் கடையில் பேச்சு நின்றது. கடைக்காரர் மெலிதான ஒரு ரைஃபிளை எடுத்து வைத்து, பெண்களுக்கு இதுதான் தோது, தோளில் உதைக்காது, மானுக்குப் போதும் என்றார்.

"பன்றிக்கு?"

"பெரிய ஆண் பன்றி என்றால் உறுதி சொல்ல மாட்டேன், டாக்டர்."

அக்கா அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். அடுத்து வந்தது புதருக்குள் சுட வசதியான குட்டைத் துப்பாக்கி. வயலின் மறுகோடிக்கு அதை நம்ப முடியாது என்றார்கள். மூன்றாவது, கரடியையே வீழ்த்தும் என்றார்கள். தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உதைக்குமோன்னு பயந்து கண்ண மூடிக்கிட்டுச் சுடுவேன். நான் பயந்தா அடி தப்பும். அடி தப்பினா அது நாள் முழுக்கக் கிடந்து சாகும்" என்று என்னிடம் சொன்னார்.

மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். "என் வீட்டுக்குள் ஒரு துப்பாக்கிதான் வரும்" என்றார் அக்கா. கடைசியில் தேர்ந்தது 'த்ரீ நாட் எய்ட்' என்ற நடுத்தர ரைஃபிள். மானுக்கு மிகையில்லை, பன்றிக்குக் குறைவில்லை, அவர் தோளும் தாங்கும். "எங்க ஊரு போலீஸ்காரங்க வச்சிருந்த த்ரீ நாட் த்ரீக்குத் தங்கச்சி போல" என்று சிரித்தார். கடையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தி பரவியதும் ஹூஸ்டனிலிருந்து ஓர் ஆன்ட்டி புறப்பட்டு வந்தார். "புருஷன் போன வீட்ல தனியா இருக்கே. இந்த நேரத்துல ரைஃபிள் எதுக்கும்மா? எங்ககிட்ட குடுத்துடு" என்று கெஞ்சினார். கேள்விக்குள் இருந்த கேள்வி அக்காவுக்குப் புரிந்தது.

"ஆன்ட்டி, சாகணும்னு இருந்தா உங்க வீட்டுக்குப் பக்கத்துல அபார்ட்மென்ட் எடுத்திருப்பேன். அவர் இருக்கற மண்ண பன்னி தோண்டுது. அதுக்குத்தான் வாங்கினேன்" என்றார். ஆன்ட்டி காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

ஹார்லன் சுடக் கற்றுக்கொடுத்தார். அவர் சுட்ட பன்றி ஒன்றை அக்கா தாமே அறுத்துப் பார்த்தார். தோளின்மேல் கவசம்போல் தடித்த தோல். இதயமோ மானுக்கு இருப்பதைவிட முன்னால், தாழ்வாக. "இது தெரியாமத்தான் பாதி பேர் சுடுறாங்க" என்றார்.

அடிபட்டு வந்த மான் ஒன்றை அவர் முதன்முதலாகச் சுட்டபோது நான் உடனிருந்தேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. அக்கா மண்டியிட்டு அதன் கண் இமையை ஒற்றை விரலால் தொட்டார். மயக்கம் கொடுத்த நோயாளிகளின் இமையைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். இமை அசையவில்லை. "வலி தெரியல" என்றார்.

பன்றிகளையும் சுட்டார். கூட்டம் குறைந்தது. காது கிழிந்த கறுப்பு ஆண் பன்றி மட்டும் அகப்படவில்லை. அது தனியாக வந்தது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி. இருட்டுவதற்கு முன் அக்கா நாற்காலியோடு மரத்தடிக்குப் போய்விடுவார். ஒருமுறை அது எதிரே வந்து நின்றதாம். நேர்முகமாக நின்றதால் அவர் சுடவில்லை. "எடம் சரியா தெரியல. அதுவும் என்னையே பாத்துச்சு. அவசரமே இல்லாம திரும்பிப் போச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் இடத்தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். துப்பாக்கி உதைத்த வலியா என்று கேட்டேன். "அது வலத்தோள்ல இல்ல இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். அதுவே எங்கள் கடைசிப் பேச்சு.

காலையில் ஹார்லன் கண்டபோது அக்கா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு, கொஞ்ச நேரமாவது வலி இருந்திருக்கும் என்றார் பரிசோதித்த மருத்துவர். துப்பாக்கி எட்டாத தூரத்தில், குண்டுகள் அகற்றப்பட்டு, திறந்த நிலையில் கிடந்தது. எடுத்த குண்டுகள் அவர் சட்டைப் பையில் இருந்தன.

"வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்திருக்கலாமே. ஓடி வந்திருப்பேனே" என்று ஹார்லன் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். எனக்கும் புரியவில்லை. உதவி வந்து பயனில்லை என்று மருத்துவரான அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். தம்மைத் தேடி வருகிறவர்களுக்கு ஆபத்து இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அந்த வலியிலும் அவர் கடைசியாகச் செய்தது துப்பாக்கியைக் காலி செய்ததுதான். சந்தேகப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று மாலை, கணவருக்குப் பக்கத்தில் அவரை வைத்தோம். புது மண் மெத்தென்று கிடந்தது. போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் ஓடைப்பக்கம் புதர் சலசலத்தது. எல்லாரும் கேட்டோம். பன்றி தோண்டாதபடி மண்ணை மூட, ஹார்லன் தன் வண்டியிலிருந்து சுண்ணாம்புக்கல் பலகைகளை இறக்கினார். கோட்டு சூட்டோடு வந்த மருத்துவர்களும் சேலை கட்டிய நாங்களும் வெளிச்சம் போகும்வரை கல் சுமந்தோம். கல்லறையின் ஒரு பக்கத்தை இன்னும் மூடவில்லை.

கல்லூரியிலிருந்து வந்திருந்த அக்காவின் மகள் ஷீலாவை என்னோடு வரச் சொன்னேன். "நீ தனியா இங்க இருக்க வேணாம்மா."

"நோ ஆன்ட்டி. ஐ'ம் ஸ்டேயிங்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். ஹார்லன் காவலுக்கு, மரத்தடியில் அவளுக்கும் தனக்கும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஃப்ரீவே வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. நாளைக் காலை மிச்சக் கல்லோடு வருகிறோம் அக்கா. அதுவரை இருவரும் நிம்மதியாகத் தூங்குங்கள்.