மும்தாஜ் வீட்டு சகன் சாப்பாடு

நெய்ச்சோறு வாசனை தெரு முக்குலயே ஆளை இழுத்துச்சு...

எட்டாம் கிளாஸ் படிக்கிறப்போ நடந்தது. கூடப் படிச்ச மும்தாஜோட அக்காவுக்கு இராஜபாளையத்துல கல்யாணம். எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். பஸ் ஏறி நான் ஒருத்திதான் போனேன்.

வாரோம்னு சொல்லியிருந்த லதாவும் செல்வியும் பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டாளுக. "ஏட்டி, அவிய வீட்ல எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடுவாகளாம். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அம்புட்டுதான்"னு லதா சொன்னா.

எங்க வீட்லயும் எச்சில் விஷயத்துல ரொம்பக் கறார்தான். தண்ணிகூட அண்ணாந்துதான் குடிக்கணும்.

மும்தாஜ் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா. "மத்தவளுக வரலியா?"ன்னு கேட்டா.

கிளாஸ்ல இருந்து மூணு பேரு வருவாகன்னு வீட்ல பெருமையாச் சொல்லி வச்சிருக்கா. அவளோட சேத்து நாலு பேரு, ஒரு சகன். சகன்னா பெரிய வட்டத் தட்டு. பாயில சுத்தி உக்காந்து எல்லாரும் அதுலேருந்தே சாப்பிடணும்.

நாலு பேருக்கான சோறு, கறி... உக்காந்திருந்தது நாங்க ரெண்டு பேரு. சொந்தக்காரப் பிள்ளைங்க எல்லாம் எங்களையே பாத்தாங்க. மும்தாஜ் தலையைத் தூக்கல. எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு.

என்ன செய்யுறதுன்னு தெரியாம விரலால சோத்துக்கு நடுவுல ஒரு கோடு போட்டேன். வயல்ல வரப்பு வச்ச மாதிரி... இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு. அதுதான் மரியாதைன்னு நெனச்சேன்.

மும்தாஜ் கை அப்படியே நின்னு போச்சு.

அந்நேரம் அவ அம்மா வந்தாங்க. பொண்ணைப் பெத்தவங்க, தலைக்கு மேல வேலை. ஆனா பட்டுச்சேலையோட எங்க பக்கத்துல உக்காந்துட்டாங்க. "எனக்கும் பசிக்குது தாயி, செத்த தள்ளி உக்காரு"ன்னாங்க.

நல்ல கறித்துண்டா எடுத்து எடுத்து என் பக்கம் தள்ளுனாங்க. "விருந்தாளிக்கு இப்படித்தான் வைப்போம்"னாங்க. குழம்பு ஊத்துனதுல என் கோடு கரைஞ்சே போச்சு.

நானும் ஒரு துண்டை எடுத்து மும்தாஜ் பக்கம் தள்ளுனேன். அவ சிரிச்சுட்டா. எனக்குப் போன உயிர் வந்துச்சு.

போன வாரம் என் மகள் ஸ்கூல்ல ஃபுட் ஃபெஸ்டிவல். ஒவ்வொரு பிள்ளையும் வேற சமூகத்து மக்களோட சாப்பாடு கொண்டு போகணும். சார்ட், பேப்பர் தட்டு, ஸ்பூன்னு எல்லாம் சுத்தமா, அழகா நடந்துச்சு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. மும்தாஜுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டு நெய்ச்சோறு செஞ்சு குடுத்தேன். ஃபர்ஸ்ட் ப்ரைஸ்.

"உன் பெஞ்ச்ல ஆயிஷான்னு ஒரு பிள்ளை இருக்கே... அவ வீடு எங்க இருக்கு?"ன்னு மகள்கிட்ட கேட்டேன்.

"தெரியலம்மா"ன்னா.