எண்டர் அக்காவின் அடிக்குறிப்புகள்

எங்கள் கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: 'இடைவெளிக்காக எண்டர் தட்டாதீர். கேளுங்கள், தருகிறேன்.' எழுதியவள் என் அக்கா. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நாங்கள் நடத்துவது ஒரு சின்ன நகல் கடை. அவள் கணினியில் ஆய்வேடுகளை ஒழுங்குபடுத்துவாள். நான் பின்னால் உட்கார்ந்து பசை தடவி அட்டை போடுவேன். மாணவர்கள் அவளுக்கு வைத்த பேர் எண்டர் அக்கா. எனக்கும் ஏதாவது வைத்திருப்பார்கள். என் வாய்க்குப் பயந்து காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடிக்குறிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் வேண்டுமென்றால் எல்லாரும் எண்டரைத்தான் தட்டுவார்கள். பிறகு மேலே ஒரு வரி சேர்த்தால் போச்சு, இந்தப் பக்கத்துக் குறிப்பு அடுத்த பக்கத்தில் போய் உட்காரும். அக்கா அந்த வெற்று வரிகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆளுக்கொரு ஸ்டைல் செய்து கொடுப்பாள். ஸ்டைல் என்றால், எழுத்து எவ்வளவு பெரிது, மேலே கீழே எவ்வளவு இடம் என்று ஒரே இடத்தில் சொல்லிவைக்கிற ஏற்பாடு. துறைக்கு ஒரு விதி என்பதால் அதற்கு ஆள் பேரையே வைத்துவிடுவாள்: 'மாட்டு டாக்டர் குறிப்பு', 'கணக்கு சார் குறிப்பு'.

அவளும் ஓர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். தெருப் பலகைகளைப் பற்றி. "'நாய் ஜாக்கிரதை', 'இங்கே வண்டி நிறுத்தாதே', இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று நான் கேட்டேன். எந்தத் தெரு, எந்தக் கதவு, பலகையை எழுதியவர் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. படித்துப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

கடையில் வந்த வேலைகளைச் சீட்டு எழுதி ஒரு கம்பியில் வரிசையாகச் செருகி வைப்போம். முன்னால் இருப்பது முதலில் முடியும். அக்காவின் சீட்டு மட்டும் வருஷக்கணக்காகக் கடைசியிலேயே கிடந்தது. யார் வந்தாலும் தன்னுடையதைப் பின்னால் தள்ளிவிடுவாள். கேட்டால், "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்டி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆமா, வளரும். பட்டினி கிடந்தே வளரும்" என்பேன்.

அப்படித்தான் ஆயிற்று. தனக்கு வழிகாட்டும் பேராசிரியை வழியாகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அவள் அனுப்பிய ஆய்வேட்டுப் பிரதி திரும்பி வந்தது. 'அத்தியாயத்துக்கு அத்தியாயம் அடிக்குறிப்பு இடைவெளி மாறுகிறது.' மறுநாள் மாலைக்குள் திருத்தித் தராவிட்டால் பதிவே ரத்து. ஏற்கெனவே தந்த அவகாசமெல்லாம் தீர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் இடைவெளி சரிசெய்கிறவளுக்கு இந்தக் கதி!

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் அக்கா கோப்பைத் திறந்தாள். ஸ்டைல் பட்டியலைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாட்டு டாக்டர் இருக்கிறார், கணக்கு சார் இருக்கிறார், மண்ணியல் பெண் இருக்கிறாள், கல்யாண அவசரத்தில் ஓடிவந்த வரலாற்றுப் பையன்கூட இருக்கிறான். தனக்கென்று உட்கார நேரமில்லாததால், வாடிக்கையாளர் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் அவர்கள் கோப்பின் கடைசியிலேயே தன் நாலு வரியை அடிக்குறிப்போடு தட்டி, பிறகு வெட்டி எடுத்துத் தன் கோப்பில் ஒட்டியிருக்கிறாள். வரியோடு அவர்கள் ஸ்டைலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"பாத்தியா? உன் பிள்ளை ஊரார் சட்டையை எல்லாம் போட்டுக்கிட்டு நிக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாட்டு டாக்டர் ஒரு கட்டுக் காகிதத்தோடு நுழைந்தார். "அக்கா, அவசரம், ஒரு அரை மணி..." அக்காவின் கை பழக்கத்தில் தன் கோப்பை மூடப் போனது. நான் பசைக் கையோடு எழுந்துபோய் அவள் சீட்டை உருவி, கம்பியின் முன்னால் செருகினேன்.

"டாக்டர் சார், மாட்டுக்குப் பிரசவம் பாக்கும்போது பாதியில விட்டுட்டு வருவீங்களா?"

"அய்யோ, அதெப்படிம்மா?"

"அப்ப உக்காருங்க. இங்கயும் அதான் நடக்குது."

பாவம், மனுஷன் உட்கார்ந்தார். அதற்கப்புறம் வந்தவர்களை அவரே வாசலில் நிறுத்திவைத்தார்.

அக்கா புதிதாக ஒரு ஸ்டைல் செய்தாள். மாட்டு டாக்டர் குறிப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அதற்கு மாற்றினாள், பழைய ஸ்டைலை அழித்தாள். "சார், உங்களை அழிச்சிட்டேன்" என்றாள். "தாராளமா" என்றார் அவர். அடுத்து கணக்கு சார். அடுத்து மண்ணியல். பக்கங்கள் ஒவ்வொன்றாக ஒழுங்குக்கு வந்தன.

ஆனால் குறிப்புகளுக்கு மேலே போடுகிற குட்டிக் கோட்டுக்கும் முதல் குறிப்புக்கும் நடுவே ஒரு பொக்கை இடம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. அந்தக் கோட்டைச் சொடுக்கவும் முடியாது. அக்கா மவுஸை விட்டுவிட்டு, "என்னால முடியல, விட்டுடுவோம்டி" என்றாள். எனக்கு வந்ததே கோபம்!

"இதையே ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தா என்ன செய்வ?"

"வரைவுப் பார்வைக்குப் போவேன்."

"போ!"

போனாள். வரைவுப் பார்வையில் குறிப்புகளுக்கென்று கீழே தனிப் பகுதி திறக்கும். அங்கே பட்டியலில் கோட்டைத் தேர்ந்தெடுத்தால் அது கைக்கு அகப்படும். அதற்குக் கீழே இருந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கினாள். பக்கத்துக்குத் திரும்பியபோது கோடு குறிப்போடு ஒட்டி, பதவிசாக நின்றது. டாக்டர் கைதட்டினார். அச்செடுத்ததும் நான் அட்டை போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒரு முதுகு ஒட்டியதில்லை.

அலுவலகம் மூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். சாளரத்துக்குப் பின்னால் இருந்த அம்மா ஸ்கேல் வைத்து அளந்தார், புரட்டினார், மறுபடி அளந்தார். அட்டையில் பேர் இருந்தது. ஆனால் எண்டர் அக்காவாக மட்டுமே அவளைத் தெரிந்தவருக்கு அது யாருடைய பேர் என்று எப்படித் தெரியும்?

"சுத்தமா இருக்கு. உங்க கடை வேலைன்னா கேக்கணுமா?" என்றவர் நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "ஆனா எத்தனை வாட்டி சொல்றது? அடுத்தவங்களுக்காக நீங்க கொண்டுவரக் கூடாது. எழுதினவங்கதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். எங்க அவங்க?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா. குரல் சரியாக எழும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "எழுதினது நான்தான்."

அந்த அம்மா அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திருப்பி நீட்டினார். அக்கா குனிந்து, தன் முழுப் பேரையும் நிதானமாக எழுதினாள்.