பாத்தித் தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

மரண ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குருவானவர் வேண்டாம், கோயில் வேண்டாம், மெழுகுவர்த்தியும் வேண்டாம். தண்ணீர், சொல்ல வேண்டிய வார்த்தை, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம், இவை போதும். ஞானஸ்நானமே பெறாமல் இறந்த குழந்தையைக்கூட, பெற்றோர் கொடுக்க நினைத்திருந்தால், ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதியோடு கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யலாம். இரண்டும் திருச்சபைச் சட்டத்தில் உள்ளவை. தாலுகா ஆபீசில் இருந்த காலமெல்லாம் சட்டம் பேசியே பகை சம்பாதித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி விடவில்லை. அதனால் இதையும் படித்து வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரின் பேத்திக்கு ஞானஸ்நானம். பாப்பா அழுதால் போட்டோ கெட்டுப்போகும் என்று பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார்கள். ஃபாதர் விரலை விட்டுச் சூடு பார்த்தார், காபிக்குப் பார்ப்பதுபோல. எல்லாரும் சிரித்தோம். தண்ணீர் அந்தச் சின்னத் தலையிலிருந்து வழிந்து தட்டில் விழுந்தபோது, காரணமே இல்லாமல் என் மூக்கில் மரக்காணம் உப்பளத்தின் வாடை ஏறியது. அது கடல் வாடை இல்லை. கடல் வாடையில் மீன் இருக்கும், பாசி இருக்கும், உயிர் இருக்கும். அளத்தின் வாடையில் வெயிலும் சேறும்தான்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு வருஷம் அது, 2005. பங்குக் கோயிலில் அரிசி மூட்டையும் போர்வைக் கட்டும் பீடம் வரைக்கும் அடுக்கியிருந்தோம். பூசைக்கு வருகிறவர்கள் மூட்டைக்கு நடுவில் முழங்கால் போடுவார்கள். நான் பங்குப் பேரவைச் செயலாளர். சம்பளமில்லாத ஒரு வேலை கிடைத்ததும் பழைய மிடுக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டது எனக்கு.

அந்தத் தை மாதம் லூர்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. லூர்து அளத்தில் உப்பு வாருகிறவள். அவள் புருஷன் அந்தோணி லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு அவள் வந்தபோதெல்லாம் ஃபாதர் ஒரே பதில்தான் சொன்னார். பெற்றோர் தயாரிப்பு வகுப்பை முடிக்க வேண்டும். வகுப்பு சனிக்கிழமை. சனிக்கிழமை அளத்தில் கூலி நாள். அவள் முணுமுணுக்கவில்லை. "சரிங்க ஃபாதர், சீசன் முடிஞ்சதும் வந்துடுறேன்" என்று போய்விடுவாள்.

சித்திரை வெயிலில் குழந்தைக்கு ஜுரம் வந்து, அளத்தில் கட்டியிருந்த தூளியிலேயே இழுப்பு கண்டது. குடிதண்ணீர்க் குடம் காலியாய்க் கிடந்தது. தண்ணீர் டிராக்டர் இன்னும் வரவில்லை. லூர்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடியிருக்கிறாள். பாதியிலேயே அதன் கண் செருகிவிட்டது. அங்கேயே உப்புப் பாத்தியில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று, கையால் அள்ளித் தலையில் ஊற்றினாள். ஞானோபதேச வகுப்பில் சின்ன வயதில் படித்த வார்த்தையைத் தப்பில்லாமல் சொல்லி, மரியா என்று பெயரும் வைத்தாள். பக்கத்துப் பாத்தியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். பெயர் வைத்த பிறகுதான் மூச்சு நின்றதாம்.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் ஃபாதர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணி?" என்பது.

"பாத்தித் தண்ணிதான் ஃபாதர். கொடத்துல சொட்டுத் தண்ணி இல்ல."

ஃபாதர் என்னைப் பார்த்தார். "கடல் தண்ணின்னா செல்லும் சார். இது உப்பா எறுகப் போற தண்ணி. இதைத் தண்ணின்னு எடுத்துக்கலாமா? சந்தேகமா இருக்குதே."

அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. "பாத்திக்கு எங்கேர்ந்து சாமி தண்ணி வருது? கடல்லேர்ந்து ஓடை வழியாதானே? இல்ல, உங்க மாமனார் வூட்டுக் கெணத்துலேர்ந்து எறைக்கிறாங்களா?"

"டேய், சாமியாருக்கு ஏதுடா மாமனாரு, வாய மூடு" என்று யாரோ அதட்டினார்கள். அந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். லூர்து சிரிக்கவில்லை. "ஊத்துனது தப்பா சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

தப்பில்லை என்றேன். ஃபாதரிடமும் சட்டத்தைச் சொன்னேன். ஞானஸ்நானம் செல்லும் என்றால் குழந்தை கிறிஸ்தவள். செல்லாது என்றாலும் தாய் கேட்டுக் கேட்டு நடந்தவள், ஆயர் அனுமதி தரலாம். இந்த வெயிலில் அதற்குக் காத்திருக்க முடியாது, இன்றைக்கு அடக்கம் செய்துவிட்டு நாளைக்கு எழுதுவோம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கடல் வந்த வாரம் பிணங்களைத் தன் கையால் தூக்கியவர். ஆனால் இளம் குருவானவர், பயந்த சுபாவம். "நீங்க சொல்றது சட்டம் சார். எனக்கு உத்தரவு வேணும். ஆயர் கையில கை வெச்சுக் கீழ்ப்படியறேன்னு சத்தியம் பண்ணவன் நான்" என்றார்.

ஆகவே குழந்தையைக் கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே, ஓடைக்கரையில் புதைத்தார்கள். தற்காலிகமாகத்தான். பதில் வந்ததும் பெட்டியை உள்ளே மாற்றிவிடலாம் என்று ஃபாதர் வாக்குக் கொடுத்தார். மனுவை நான்தான் எழுதினேன். நல்ல மனு, இன்றைக்குப் படித்தாலும் ஒரு காற்புள்ளியை மாற்ற மாட்டேன்.

ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரத்தைப் பற்றி அந்த மாதங்களில் நிறைய யோசித்தேன். கடவுள் அதை மிகத் தாராளமாக, அவசரத்துக்கு அகப்படுகிற எந்தக் கையிலும் வைத்திருக்கிறார். அந்த மத்தியானம் அந்தப் பாத்தியில் திருச்சபை என்று ஒன்று இருந்ததென்றால் அது லூர்துதான். அவளும் கீழ்ப்படிந்தவள்தான்; அவளுக்குக் கிடைத்த உத்தரவுக்கு எந்த ஆபீசும் முத்திரை குத்தவில்லை, அவ்வளவே.

ஆயர் இல்லத்தில் அப்போது நிவாரணக் கணக்குகள் மலைபோலக் குவிந்திருந்தன. நினைவூட்டல் அனுப்பினோம். தண்ணீரின் தன்மையை விளக்குமாறு ஒரு குறிப்பு வந்தது, விளக்கினோம். ஆனி போயிற்று, ஆவணி போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் லூர்து என் பக்கத்தில் வந்து நிற்பாள். கேட்க மாட்டாள், நிற்பாள். நான் தலையை ஆட்டுவேன். வேலிக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அளத்துக்குப் போவாள்.

ஐப்பசியில் வானம் கறுத்ததும் அந்தோணி மண்வெட்டியோடு கிளம்பினான். "யாரும் இல்லாதப்ப தூக்கி உள்ள வெச்சுடுறேன். அந்தப் பக்கம் கரை மண்ணு நிக்காது. எவன் வந்து எண்ணிப் பாக்கப் போறான்?"

லூர்து வழியை மறித்துக்கொண்டாளாம். "ஃபாதர் சொல்லாம தொடக்கூடாது. திருட்டுத்தனமா போய்ப் படுக்குறதுக்கு எம் புள்ள என்ன திருடியா? சொல்லிதான் போகணும் அது." அவன் மண்வெட்டியை வாசலில் எறிந்துவிட்டுச் சாராயக் கடைக்குப் போனான்.

அந்த வருஷ மழை உங்களுக்கும் நினைவிருக்கும். உப்பளம் எது, ஏரி எது, ரோடு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. ஓடை கரையை அறுத்துக்கொண்டு போனது. முள்வேலியில் அந்தப் பக்கத்தையும், அதற்கு வெளியே இருந்த மண்ணையும் சேர்த்து. வடிந்த பிறகு லூர்து சேற்றுக்குள் இறங்கிப் பல நாள் துழாவினாள். அந்தோணி கரையில் உட்கார்ந்திருந்தான், வா என்றும் கூப்பிடவில்லை. ஃபாதர் ஒருநாள் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் இறங்கினார். கிடைக்கவில்லை.

இப்போது அங்கே கான்கிரீட் மதில். ஓடையைக் குறுக்கிக் கல் பதித்துவிட்டார்கள். லூர்து வேலை பார்த்த அளத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. அவளும் அந்தோணியும் பாண்டிச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

போவதற்கு முன்பு அவர்களைக் கடைசியாகப் பார்த்தது ஒரு காலைப் பூசையில். லூர்து வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அந்தோணியோடு பாண்டிச்சேரி பஸ்ஸுக்குப் போனாள். அதற்குப் பிறகு நான் கோயில் ஆபீசைத் திறந்தபோது தபால்காரர் ஆயர் இல்லத்துக் கடிதத்தோடு நின்றிருந்தார். மனு பரிசீலிக்கப்பட்டது, அளிக்கப்பட்ட ஞானஸ்நானம் செல்லும், குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கம் செய்யத் தடையில்லை. வந்த தேதி போட்டுக் கோப்பில் சேர்த்தேன்: 2006, விபூதிப் புதன்.