மிஸ் சொன்ன விடையும் சரியான விடையும்

1. ஒரு தவணைக்கு மட்டும்

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தப் பாடசாலைக்கு நான் உயிரியல் ஆசிரியையாகத்தான் போனேன். போன முதல் நாளே அதிபர் நேரசூசியை என் பக்கம் தள்ளினார். பதின்மூன்றாம் தரம், பௌதிகவியல். அதற்கு நேரே என் பெயர்.

"சேர், நான் பயோ."

"தெரியும் டீச்சர். பிசிக்ஸ் சேர் மாற்றலாகிப் போய் நாலு மாசம் ஆச்சு. வலயக் கல்வி ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். புள்ளைங்க சும்மா உக்காந்திருக்குதுங்க. ஒரு தவணைக்கு மட்டும் பாருங்க."

ஒரு தவணை முடிந்தது. ஆள் வரவில்லை. அடுத்த தவணையும் முடிந்தது.

நானும் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள்தான். ஆனால் அது இருபது வருடத்துக்கு முந்திய கதை. விடியற்காலையில் எழுந்து, கடந்தகால வினாத்தாளையும் அதன் விடைகள் உள்ள மார்க்கிங் ஸ்கீமையும் அருகருகே வைத்துப் படிப்பேன். ஹட்டனில் பஸ் ஏறினால் மடியிலும் அதே தாள்தான். ஸ்கீம் இருக்கிற கேள்வி என்றால் கரும்பலகையில் கை தானாக ஓடும். இல்லாத கேள்வி என்றால் விடையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்படி கணக்குப் பார்த்துத்தான் பாடத்தை முடிப்பேன். பிள்ளைகள் கேள்வி கேட்க நேரம் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன். இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

2. "எழுதிக்கங்க"

அந்த வகுப்பில் பதினொரு பேர். எல்லோரும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை எங்கிருந்தோ வந்த மொடல் பேப்பர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதற்கு மார்க்கிங் ஸ்கீம் இல்லை. பன்னிரண்டாவது எம்.சி.க்யூ இதுதான்: ஒரு முகவைத் தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கிறது. அதற்குள்ளே சின்ன இரும்புத் துண்டு ஒன்று உறைந்திருக்கிறது. பனிக்கட்டி முழுக்க உருகினால் தண்ணீர் மட்டம் கூடுமா, குறையுமா, மாறாதா?

"மாறாது" என்றேன்.

முன்வரிசையில் நிரோஷினி கையைத் தூக்கினாள். "மிஸ், வெறும் ஐஸ்னா மாறாது. உள்ளுக்கு இரும்பு இருக்கே?"

"மிதக்குதுதானே. மிதந்தா ஒரே விதிதான். எழுதிக்கங்க."

அவள் பக்கத்திலிருந்த டிலக்சனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் எழுதினார்கள். எவரும் மறுபேச்சுப் பேசாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆறுதல் இல்லை. அடியில் போய் விழப்போகிற இரும்பு எப்படி அதே அளவு தண்ணீரைத் தள்ளும்? ஒரு முறை பிழை என்று தோன்றும், அடுத்த வளைவில் சரி என்று தோன்றும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தத் தாளைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

3. ஐஸ் ரெடி

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு நோர்வூட் டவுனில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கும் பாரூக் நானா கையசைத்துக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்கட புள்ளைகள்ட ஐஸ இப்பதான் ஃப்ரீசரால எடுத்துக் குடுத்தேன். நீங்க குடுத்த பிராக்டிகல்ன்டு சொன்னாங்க. பின்னுக்கு இருக்காங்க, போய்ப் பாருங்க."

நான் எந்தப் பிராக்டிகலும் கொடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் சோடாப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் டிலக்சனின் குரல் கேட்டது.

"போன தடவ போட்ட நட்டு பெருசு. ஐஸோட சேந்து அடிக்கே போயிருச்சு. இது சின்னது, மெதக்குது பாரு."

"கோட்டுக்கு மேல கை படாம பாத்துக்க." இது நிரோஷினி. "எல்லாரும் ஞாபகம் வச்சிக்கங்க. தவணப் பரீட்சையில மிஸ் சொன்னத எழுதணும். பெரிய எக்ஸாமுல சரியானத எழுதணும். மாத்தி எழுதிறாதீங்க."

"ரெண்டையும் எப்பிடி மனசுல வச்சிக்கிறது? எனக்கு எக்ஸாம் ஹாலுல ஒண்ணே ஞாபகம் வராது." இது வேறொருத்தி.

"வேற என்ன செய்ய? பிழைன்னு சொன்னா மிஸ் பிசிக்ஸே வேணாம்னு அதிபர்கிட்ட எழுதிக் குடுத்துருவாங்க. அப்புறம் நாம பழையபடி சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்." மறுபடி நிரோஷினி.

திரும்பிப் போய் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நானா சத்தமாக, "என்ன டீச்சர், அங்கேயே நிக்கிறீங்க, உள்ளுக்குப் போங்களே" என்றார்.

பெட்டிகளுக்குப் பின்னால் பேச்சு நின்றது. போனேன். பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். ஷர்மிளா மட்டும் இல்லை. அவளுடைய அம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். துணைக்கு நின்ற அவள் அந்தக் கிழமை முழுக்கப் பாடசாலைக்கே வரவில்லை.

கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் யோகட் கப் அளவு பனிக்கட்டி மிதந்தது. போத்தலில் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி. ஒரு பக்கத்தில் 'மிஸ் சொன்னது', மறுபக்கத்தில் 'சரியானது'. ஒன்பது கேள்விகள் இருந்தன.

திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். "தண்ணி எறங்கிருச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல மிஸ். நட்டு விழணும்" என்றாள் நிரோஷினி, என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். எனக்குரிய பஸ் போனது. அடுத்ததும் போனது. அந்தக் குளிரில் ஐஸ் உருக மறுத்தது. கடைசியில் 'டக்' என்று நட்டு அடியில் விழுந்தது. டிலக்சன் குனிந்து பார்த்தான். தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது.

"கொறஞ்சிருச்சு மிஸ்" என்றான், மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி.

"நான் சொன்னது பிழைதான். நாளைக்கு கொப்பிய கொண்டு வாங்க. ஒம்பதையும் போர்டுலயே செய்வோம்."

மறுநாள் செய்தோம். ஒன்பதில் ஏழு என் பிழைகள். ஒன்றில் நான் சொன்னதுதான் சரி. அதை நிரூபிக்க அரை மணித்தியாலம் டிலக்சனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மற்றொன்று எவருக்கும் தெரியவில்லை. "எனக்கும் தெரியல" என்றேன். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் சோக் அவர்கள் கையில், நான் கடைசி மேசையில்.

4. ஷர்மிளாவின் பேப்பர்

அடுத்த கிழமை தவணைப் பரீட்சை. கேள்விகளை நான் முன்பே அச்சுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். பனிக்கட்டிக் கேள்வியும் அதில் இருந்தது. பத்துப் பேர் 'குறையும்' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் போர்டில் திருத்திய நாளில் இல்லாத, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பரீட்சைக்கு வந்த ஷர்மிளா மட்டும் 'மாறாது' என்று எழுதியிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டேன். "இது உன் பிழை இல்ல. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். சரியான விடை..."

"தெரியும் மிஸ். குறையும். நிரோஷினி கொப்பிய போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா."

"பிறகு ஏன் மாறாதுன்னு எழுதின?"

"இது உங்க பேப்பர்தானே மிஸ். நீங்க சொன்னததானே எழுதணும்."

சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலில் சித்தியடைந்தார்கள். ஷர்மிளா அதில் ஒருத்தி. எனக்கு அது பெருமை இல்லை. பெரும்பகுதி அவர்களே பார்த்துக்கொண்டது. புதிதாக வேலைக்கு வந்து, படிக்காத பாடத்தைத் தலையில் வாங்கிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிழை விடுவீர்கள். அதைப் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளாத ஒவ்வொரு நாளும், உங்கள் மரியாதைக்காக அவர்கள் தங்கள் புள்ளிகளை விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.