தாவீது மாமா உதறிய பாய்

போன ஞாயிறு ராயபுரத்தில் எங்கள் சபையின் கண்ணாடிக் கதவருகே, சுருட்டிய கோரைப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு கிழவரைக் காவலாளி மறித்தார்.

"இன்னா நைனா, பாயத் தூக்கிகினு எங்க வர? உள்ள ஏசி கீது. அப்பால போ."

கிழவரைத் தாண்டிப் போகையில், வியர்வையும் பீடியும் மீனும் ஊறிய அந்தப் பாயின் வாடை என் மூக்கில் ஏறியது.

என் சின்ன வயதில் இதே இடத்தில் நின்று, பிறகு இடிக்கப்பட்ட தகரக் கொட்டகைக் கோயிலின் வாடை அது. அங்கே நாற்காலியே கிடையாது. துறைமுகத்து நடைபாதைவாசிகள் இரவில் வந்து படுத்தெழுந்த பாய்களைத்தான் கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை தாவீது மாமா காலையில் படபடவென உதறி ஆராதனைக்கு விரிப்பார், அதில்தான் நாங்கள் முழங்காலிட்டு, ஈரமும் கரித்தூளும் முட்டியில் ஒட்ட ஒட்டப் பாடுவோம். பாய் நாறுகிறது என்று அம்மா ஒருமுறை முகம் சுளித்தாள்.

"மனுசன் பட்த்த பாய் நாறத்தாம்மா செய்யும். வோணாம்னா தரைல குந்து" என்றார் அவர்.

அம்மா பாயிலேயே உட்கார்ந்தாள்.

இப்போது மெத்தை நாற்காலி, ராட்சதத் திரை, கிறிஸ்துமஸுக்கு ஏழைகளை வரிசையில் நிறுத்திப் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் படம், அதைத் திரையில் போட்டுத் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்ளும் பக்தி.

"தேவ பிரசன்னத்தை உணர்கிறீர்களா?" என்று மேடையிலிருந்து போதகர் கேட்டார். எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ரூம் ஸ்பிரேயின் மல்லிகை வாசனைதான் வந்தது. மற்றதைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.