பொன்னுலிங்கம் மறித்த சோறு

தாழக்குடி முத்துநாயகம் பிள்ளைக்குப் பொன்னுலிங்கம் என்ற பேரைக் கேட்டாலே ஆறேழு வருசமாக வாயில் எச்சில் கூடும், துப்புவதற்கு. மகள் கல்யாணப் பந்தியில் அந்த மனுசன் சோறு வாங்கவில்லை.

பொன்னுலிங்கம் அவருக்குத் தாய்மாமன் மகன், வயதில் மூத்தவர். இரண்டு பேருக்கும் வயல் மடைத் தண்ணீரில் சண்டை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற சண்டை. ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். தீர்ந்ததற்கு அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளம் உண்டு. பகைத்தவன் வீட்டு விசேஷத்துக்கு வந்து, ஊர் பார்க்க உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். தின்றால் வழக்கு முடிந்தது. தின்னாவிட்டால் பேசியதெல்லாம் பொய்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிரண்டு ஆவணியில் கல்யாணம். பொன்னுலிங்கம் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். விளம்புகிறவன் கையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை முத்துநாயகமே வாங்கிக்கொண்டு போய்க் குனிந்தார்.

"சோறு வேண்டாம்டே. அவியலும் கீரைத் துவரனும் போடச் சொல்லு. மோரு தா."

"ஒரு கைப்பிடியாவது வாங்கும் அத்தான்."

பொன்னுலிங்கம் இலைக்கு மேலே கையை வைத்து மறித்துவிட்டார். அது போதாதென்று, அவியலில் கிடந்த சேனையையும் வாழைக்காயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார். பிரதமன் பாயசம் வரும் முன்னே எழுந்து போய்விட்டார்.

சம்பந்தி பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. "பொண்ணுக்கு மாமன் மொறக்காரனே இந்த வீட்டுச் சோத்தத் தொடல்லியே, என்ன கொறையோ!"

அந்த ஒரு பேச்சை வைத்து மகளை மாமியார்க்காரி குத்திக்கொண்டே இருந்தாள். மகள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போதெல்லாம் முத்துநாயகம் சொல்வது ஒன்றுதான்: "எஞ் சோத்தத் திங்காம அவன் சாகப்பிடாது."

இப்படி ஆறேழு வருசம் போன பிறகு ஒரு சந்தை நாள். கோட்டாற்றுச் சந்தையில் நெல்லை விற்றுத் தள்ளிவிட்டுப் பசியோடு கிளப்புக்கடைக்குள் நுழைந்தார். உள்ளே ஒரே சத்தம்.

"முழுச் சாப்பாட்டுக்குக் காசு தந்தாச்சுல்லா? சோறு வேண்டாம்னா ஒமக்கு லாபந்தான ஓய்!"

"என்ன லாபம்?" கடைக்காரர் வயிறு குலுங்கக் கத்தினார். "துவரன் துவரன்னு கேட்டா நான் வாளியக் கமத்தவா? சோறு திங்கத்தான் ஓய் கறி. சும்மா தழையா மேயணும்னா ஆட்டுத் தொழுவுக்குப் போவும்!"

கடையே சிரித்தது. முத்துநாயகம் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தார், ஏச்சு வாங்குகிறவர் பொன்னுலிங்கம் என்று பார்த்ததும் இன்னும் கூடுதலாக. அப்புறம் அந்த இலையைப் பார்த்தார். ஓரத்தில் சேனைத் துண்டுகள், வரிசையாக. சிரிப்பு நின்றுபோனது. இங்கே பகையும் இல்லை, வழக்கும் இல்லை. காசு கொடுத்த இடத்திலும் இந்த மனுசன் சோறு வாங்கவில்லையே.

போய் எதிரே உட்கார்ந்தார்.

"ஒமக்கு என்ன ஓய் கேடு?"

"ஒன் சோலியப் பாத்துட்டுப் போலே."

"சொல்லும். இல்லேன்னா இங்கயே நின்னு கூவுவேன்."

பொன்னுலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நீரிழிவு. மூத்திரத்துல எறும்பு மொய்க்கு. அரிசி, கெழங்கு, சக்கர ஒண்ணையும் தொடப்பிடாதுன்னு ஆசுபத்திரில டாக்டரு சொல்லிட்டாரு. மீனும் முட்டையும் தின்னும்னாரு. நான் சைவம்னேன். அப்போ கீரையத் தின்னுட்டுக் கெடயும்னாரு."

"எம்மவ கல்யாணத்துல இத எங் காதுல ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா மறுநா ஊருக்கே தெரியும். ஒன் வாய் எனக்குத் தெரியாதா? எங்கப்பனுக்கும் இந்தச் சீக்குதான். பரம்பரைச் சீக்குள்ள வீட்டுல எவன்லே பொண்ணெடுப்பான்? மூத்ததுக ரெண்டையும் எப்படியோ தள்ளிட்டேன். பூங்கனி இன்னும் நிக்கா."

"ஒம்ம மவளுக்காவ எம்மவள அழவச்சீரு."

"ஆமா."

அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கிற வழக்கமெல்லாம் அந்த ஆளிடம் இல்லை. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று முத்துநாயகத்துக்குக் கை வந்தது. அதற்குள் விளம்புகிறவன் வந்து நின்றான்.

"இவருக்குள்ள சோத்த எனக்குப் போடு. எனக்குள்ள கறிய அவருக்குப் போடு," என்றார். கடைக்காரர் வாயைத் திறந்தார். "என்ன ஓய் பாக்கேரு? ரெண்டு சாப்பாடு, ரெண்டு ஆளு. எவன் எதத் தின்னா ஒமக்கென்ன?"

அதற்குப் பிறகு சந்தை நாளென்றால் அதே கடை, அதே எதிரெதிர் இலை. ஒருவருக்குச் சோற்று மலை, மற்றவருக்குக் கீரைக் குவியல். நல்ல வார்த்தை ஒன்றும் கிடையாது. பேசினால் மடைத் தண்ணீர்ப் பேச்சுத்தான், அது ஏச்சில்தான் போய் முடியும். முத்துநாயகத்துக்குத் தொந்தி வைத்தது. பொன்னுலிங்கம் வற்றிக்கொண்டே போனார்.

பூங்கனியைக் கேட்டு வந்தவர்கள் ஊருக்குள் விசாரித்தார்கள். தகப்பனார் எங்கே போனாலும் சோறு வாங்க மாட்டாராமே, ஏதாவது சீக்கோ என்று முத்துநாயகத்திடமே கேட்டார்கள். பழி தீர்க்க வாய்த்த நேரம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "சீக்கா? திமிரு! அவன் வயல் அரிசி தவிர மத்தவன் அரிசி அவனுக்கு எறங்காது. எமகாதகன். அது தவிர அந்த வீட்டுல ஒரு கொறையும் கெடையாது."

கல்யாணம் நடந்தது.

அடுத்த வருசம் வரப்பில் குத்திய முள் பொன்னுலிங்கத்தின் காலைத் தின்றது. புண் ஆறவில்லை, கறுத்தது. காலை எடுக்க வேண்டுமென்று ஆசுபத்திரியில் சொன்னதும், வேண்டாமென்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். முத்துநாயகம் சின்னத் தூக்குப்போணியில் சோறும் பருப்பும் கொண்டுபோனார்.

"இனி என்ன ஓய் பத்தியம்? எங்கையால ஒரு உருண்ட தின்னும். வழக்கு முடியட்டும்."

பொன்னுலிங்கம் வாயைத் திறந்து பார்த்தார். தண்ணீரே இறங்காத தொண்டை. தூக்குப்போணியைக் கையால் தள்ளிவிட்டார். முத்துநாயகத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"சாகும்போதும் மறிக்கேரே, பாவி!"

"கத்தாதலே. கேளு." மூச்சு வாங்கியது. "வாய்க்கரிசிக்கு நீ வா. ஒன் வயல்ல வெளஞ்சத கொண்டா. ஒன் சம்பந்தியையும் கூட்டிட்டு வந்து பக்கத்துல நிறுத்து. அவன் பாக்க அள்ளிப் போடு. அன்னைக்குக் கைய வச்சு மறிக்க மாட்டேன்."